வேஷமும் பொய்யும்

"நாடகம் ஆடாதே" என்று ஒருவரைத் திட்டுகிறோம். "வேஷக்காரன்" என்றால் நம்பத் தகாதவன் என்று அர்த்தம். "என்னமாய் நடிக்கிறாள் பார்!" என்று கல்யாண வீட்டில் ஒருத்தி இன்னொருத்தியைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு அல்ல. மேடையின் மேல் கை தட்டி வரவேற்கும் ஒரு கலையை, மேடையை விட்டு இறங்கியதும் குற்றமாக்கி விடுகிறோம். இது நமக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. பழைய கிரேக்க மொழியில் நடிகனைக் குறித்த 'ஹிப்போக்ரிட்டீஸ்' என்ற சொல்தான் ஆங்கிலத்துக்கு வந்து சேரும்போது கபடதாரியைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது.

உலகம் இப்படி நினைத்துக்கொண்டிருக்க, அந்த நடிப்பையே மருந்தாகக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பயந்துபோன குழந்தை, யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய், குடும்பத்தில் நொந்துபோன மனிதன் ஆகியோரிடம், "சொல்ல வேண்டாம், நடித்துக் காட்டு" என்கிறார்கள். பிரிட்டனில் 1976-லும் அமெரிக்காவில் 1979-லும் நாடகச் சிகிச்சை செய்கிறவர்களுக்கென்று சங்கங்களே ஏற்பட்டுவிட்டன. இது யாருக்கு, எவ்வளவு தூரம் பலிக்கும் என்பது வைத்தியர்கள் விசாரிக்க வேண்டிய விஷயம். என்னுடைய கேள்வி வேறு. துன்பப்படுகிற ஒருவனிடம் பாவனையைக் கொண்டுபோய் நீட்டுவது தர்மந்தானா? உண்மையான வலிக்குப் பொய்யை மருந்தாகத் தரலாமா?

இந்தக் கேள்வி எனக்குச் சொந்தக் கேள்வியும்கூட. இல்லாத மனிதர்களை இருப்பதாகச் சொல்லி அதில் அரிசி வாங்குகிறவன் நான். தொடர்கதையில் ஒரு பெண்ணைக் கஷ்டப்படுத்தினால், "அவளை எப்படியாவது காப்பாற்றிவிடுங்கள்" என்று கடிதம் எழுதும் வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதா அவள் வெறும் மையும் காகிதமும் என்று? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அழுகிறார்கள். இந்த 'தெரிந்துகொண்டே' என்பதில்தான் என் கேள்விக்கு ஏதோ விடை இருக்கிறது என்று எனக்கு வெகு நாட்களாக ஒரு சந்தேகம்.

சண்டை என்னவோ மிகப் பழைய சண்டை. பிளேட்டோ தம் லட்சிய நகரத்தில் நாடகக்காரர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. தீயவனாக நடிக்கிறவன் மெல்ல மெல்லத் தீயவனாகவே ஆகிவிடுவான் என்று அவர் பயந்தார். அவருடைய சீடர் அரிஸ்டாட்டில் அதற்கு நேர்மாறாகச் சொன்னார். சோக நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவற்றாலேயே மனத்தைச் சுத்தப்படுத்துகிறதாம். அதற்கு அவர் உபயோகித்த 'கதார்ஸிஸ்' என்ற சொல் வைத்தியர்கள் பேதிக்குக் கொடுப்பதையும் குறிக்கும். அரிஸ்டாட்டிலின் தகப்பனார் ஓர் அரண்மனை வைத்தியர் என்பதை நினைத்தால் அந்தச் சொல் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது புரிகிறது. நம் பரத முனிவரும் நாட்டிய சாஸ்திரத்தின் முதல் அத்தியாயத்திலேயே, துக்கத்தாலும் களைப்பாலும் வாடினவர்களுக்கு நாடகம் ஆறுதல் தரும் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

இந்தப் பெரியவர்களை விட்டுவிட்டு நம் வீட்டுத் திண்ணைக்கு வருவோம். டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்த குழந்தையை மறுநாள் கவனித்திருக்கிறீர்களா? மரப்பாச்சியைக் குப்புறப் போட்டு, ஈர்க்குச்சியால் அதற்கு ஊசி போடும். "வலிக்காது, வலிக்காது, ஆச்சு!" என்று டாக்டரின் குரலிலேயே சொல்லும். மரப்பாச்சி அழுதால் ஓர் அதட்டலும் கிடைக்கும். நேற்று படுத்துக் கிடந்தவள் இன்று ஊசியைக் கையில் பிடித்திருக்கிறாள். அவளுக்கு யாரும் இந்தச் சிகிச்சையைக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஃபிராய்டு 1920-ல் வெளியிட்ட நூலொன்றில் இதைப் போன்ற ஒரு காட்சியை எழுதியிருக்கிறார். அவருடைய பேரனுக்கு அப்போது ஒன்றரை வயது. அம்மா வெளியே போனால் அழாத நல்ல பிள்ளை. ஆனால் அவனிடம் ஒரு விளையாட்டு இருந்தது. நூல் கட்டிய மர உருளை ஒன்றைக் கட்டிலுக்குள் எறிவான். அது கண்ணுக்கு மறைந்ததும், போய்விட்டது என்பதுபோல் ஓர் ஒலி எழுப்புவான். பிறகு நூலை இழுப்பான். உருளை வெளியே வந்ததும், இதோ என்று களிப்பான். அம்மா போவதை அவனால் தடுக்க முடியாது. உருளையை அனுப்பவும் அழைக்கவும் முடியும். அவன் தன்னை ஏமாற்றிக்கொண்டான் என்று சொல்ல முடியுமா? உருளைதான் அம்மா என்று அவன் நம்பவில்லை. அம்மா போய்விடுகிறாள் என்ற உண்மையை, கையில் பிடிக்கக்கூடிய அளவுக்குச் சிறிதாக்கிக்கொண்டான், அவ்வளவுதான்.

இதைக் கண்டுகொண்டவர்கள் குழந்தைகளிடம் கேள்வி கேட்பதை நிறுத்தி, பொம்மைகளை எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற பெண் டாக்டர் 1928-ல் லண்டனில் குழந்தைகளுக்காக ஒரு சிகிச்சை நிலையம் ஆரம்பித்தார். ஹெச். ஜி. வெல்ஸ், பிள்ளைகளோடு தரையில் ஊர்களும் தீவுகளும் கட்டி விளையாடுவதைப் பற்றி 1911-ல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதைப் படித்திருந்த இந்த அம்மாள் ஒரு தட்டில் மணலும், ஒரு பெட்டியில் சின்னச் சின்ன வீடு, மரம், மனிதன், மிருகம் எல்லாமும் வைத்தார். குழந்தைகள் மணலில் எதையோ கட்டினார்கள். கட்டியதற்கு அவர்களே 'உலகம்' என்று பெயர் வைத்தார்கள். வாயால் சொல்ல வராததை மணலில் சொன்னார்கள்.

இத்தோடு நிறுத்திவிட்டால் விளையாட்டைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதியவனாவேன். ஆனால் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. 1976 ஜூலையில் கலிஃபோர்னியாவில் சவ்சில்லா என்ற சிற்றூரில் 26 குழந்தைகளோடு ஒரு பள்ளிக்கூட பஸ்ஸை ஆயுதம் தாங்கிய மூவர் கடத்திக்கொண்டு போனார்கள். குழந்தைகளையும் டிரைவரையும் ஒரு கல் குவாரியில், மண்ணுக்கடியில் புதைத்து வைத்திருந்த ஒரு லாரிப் பெட்டிக்குள் இறக்கி மூடிவிட்டார்கள். சுமார் 16 மணி நேரம் கழித்து டிரைவரும் பெரிய பையன்களுமாக வழி செய்து எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள். லெனோர் டெர் என்ற மனநல டாக்டர் அந்தக் குழந்தைகளைப் பல வருஷங்கள் கவனித்து வந்தார். அவர்களும் விளையாடினார்கள், நடந்ததையே விளையாடினார்கள். ஆனால் அந்த விளையாட்டில் சிரிப்பில்லை. மாற்றமும் இல்லை. அதே ஆரம்பம், அதே நடு, அதே முடிவு. எதை விளையாடுகிறோம் என்பதுகூடப் பல குழந்தைகளுக்குத் தெரியவில்லை. ஆடி முடித்தபின் பயம் குறைவதற்குப் பதில் அப்படியே நின்றது.

ஆகவே விளையாட்டு தானாகவே மருந்து என்று சொல்வதற்கில்லை. ஃபிராய்டின் பேரன் நூலைத் தன் கையில் வைத்திருந்தான். சவ்சில்லாக் குழந்தைகளை விளையாட்டு தன் கையில் வைத்திருந்தது. விளையாடுகிறோம் என்று தெரியாமல் விளையாடுவது விளையாட்டே அல்ல. அது செக்கு மாட்டின் நடை. அந்தச் செக்கிலிருந்து குழந்தையை அவிழ்க்க இன்னொரு மனிதர் பக்கத்தில் வேண்டியிருக்கிறது.

அந்த மனிதர் எப்படி உட்கார வேண்டும் என்பதை அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்பவர் 1947-ல் வெளியிட்ட நூலில் எட்டு விதிகளாக வகுத்தார். வழி காட்டுவது குழந்தை. பின்னால் போவது பெரியவர். அவசரப்படுத்தக்கூடாது. அது காட்டும் உணர்ச்சியைக் கண்டுகொண்டு, அதற்கே திருப்பிச் சொல்ல வேண்டும். என் மனத்தில் நின்றது எட்டாவது விதி. கட்டுப்பாடுகள் மிகக் குறைவாக இருக்கட்டும். ஆனால் விளையாட்டை நிஜ உலகத்தோடு பிணைத்து வைக்கத் தேவையான சில கட்டுப்பாடுகள் கட்டாயம் இருக்கட்டும் என்கிறார். பாவனையில் இத்தனை நம்பிக்கை வைத்த ஒருவர், நிஜத்தின் நூலை அறுத்துவிடாதே என்று கடைசியில் எச்சரிக்கிறார்.

பெரியவர்களின் கதைக்கு வந்தால் ஜேகப் மொரேனோவைச் சொல்லாமல் முடியாது. 1889-ல் புகாரெஸ்ட் நகரில் பிறந்து வியன்னாவில் வளர்ந்து டாக்டரானவர். அங்கே பூங்காக்களில் குழந்தைகளைச் சேர்த்துக் கதை சொல்லியும் நடிக்க வைத்தும் பழகினவர், பிறகு எழுதி வைத்த வசனம் இல்லாத ஒரு நாடகமேடையையே நடத்தினார். அவரிடம் ஒரு நடிகை இருந்தாள். சாந்தமே உருவான கன்னி வேஷங்களுக்குப் பேர் போனவள். அவளைக் கல்யாணம் செய்துகொண்ட ஓர் இளைஞர் சில காலம் கழித்து மொரேனோவிடம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். மேடையில் தேவதை, வீட்டில் அடி, உதை, வாய்கொள்ளாத வசவு. மொரேனோ அன்றிரவே அவளுக்கு வேறு வேஷம் கொடுத்தார். தெருவில் நின்று சண்டை போடுகிற ஒரு விலைமகளின் வேஷம். அவள் வெளுத்து வாங்கினாள். அப்படிப்பட்ட வேஷங்கள் தொடர்ந்தபோது வீட்டில் கோபம் தணிந்தது. சண்டை ஆரம்பிக்கும்போதே மேடை ஞாபகம் வந்து சிரித்துவிடுவாளாம். மொரேனோவே எழுதி வைத்த கதை இது. பிளேட்டோ கேட்டிருந்தால் திகைத்துப் போயிருப்பார். தீய வேஷம் போட்டவள் நல்லவளானாள். நல்ல வேஷம் மட்டுமே போட்டபோதுதான் அவள் வீட்டில் பேயாக இருந்தாள்!

மொரேனோ 1925-ல் அமெரிக்கா போனார். 1936-ல் நியூயார்க் மாகாணத்தில் பீக்கன் என்ற ஊரில் ஆஸ்பத்திரியும் அதில் படிப்படியாக உயரும் வட்ட மேடையும் அமைத்தார். அந்த மேடையின் உத்திகளில் இரண்டு என்னை மிகவும் யோசிக்க வைத்தவை. ஒன்று, இடம் மாறுதல். தகப்பனிடம் கோபம் கொண்ட மகன் தன் கோபத்தையெல்லாம் கொட்டுகிறான். உடனே, "இப்போது நீ அப்பாவின் நாற்காலியில் உட்கார். நீ சொன்னதை இன்னொருவர் உன்னிடம் சொல்லுவார், பதில் சொல்" என்கிறார்கள். உபதேசம் எத்தனை செய்தாலும் உண்டாகாத ஒன்று அந்த நாற்காலி மாறுவதில் உண்டாகிவிடும். இன்னொன்று, இரட்டையர். நோயாளிக்குப் பின்னால் ஒருவர் நின்று, அவன் சொல்லத் தயங்குவதை அவன் குரலாகச் சொல்லுகிறார். சரியாக இருந்தால் அவன் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லலாம். தப்பாக இருந்தால், "இல்லை, நான் அப்படி நினைக்கவில்லை" என்று மறுக்கலாம்.

இந்த மறுக்கும் உரிமைதான் விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. பொய் சொல்லுகிறவன் எதிராளிக்கு அந்த உரிமையைத் தருவதில்லை. தெரிந்துவிட்டால் பொய் செத்துப்போகும். நாடகமோ எல்லோருக்கும் தெரிந்த பிறகும் உயிரோடு இருக்கிறது. வேஷம் போட்டவனுக்கும் தெரியும், எதிரே நிற்பவனுக்கும் தெரியும், எப்போது வேண்டுமானாலும் அரிதாரத்தைக் கலைக்கலாம். அப்படியானால் அது பொய் அல்ல. இருவரும் கூடிச் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம்.

ஒப்பந்தத்தில் மூன்றாவது மனிதர் ஒருவரும் உண்டு, பார்க்கிறவர். பாரிஸுக்கு அருகே ஷாரன்டன் என்ற இடத்தில் மனநோய் விடுதி ஒன்று இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அதன் தலைவர் குல்மியே, நாடகம் நோயாளிகளுக்கு நல்லது என்று நம்பி விடுதிக்குள் ஒரு நாடகசாலை ஏற்படுத்தினார். அங்கே அடைபட்டிருந்த மார்க்கி தெ ஸாத் நாடகங்களை நடத்தி வைத்தார். நோக்கம் நல்லதுதான். ஆனால் பாரிஸின் நாகரிக மனிதர்கள் வண்டி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பைத்தியக்காரர்கள் நடிப்பதைப் பார்ப்பது ஒரு வேடிக்கையாகிவிட்டது. விடுதியின் தலைமை வைத்தியரே புகார் எழுதினார். 1813-ல் நாடகங்கள் தடுக்கப்பட்டன. வந்தவர்களுக்கு மேடையில் நின்றவன் வேண்டியிருக்கவில்லை. அவனுடைய வியாதி வேண்டியிருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சபையை வைத்துப் பார்க்கலாம். 2008-ல் அமெரிக்காவின் ஸான் டியாகோ நகரில், பிரையன் டோரீஸ் என்பவர் போர்வீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் முன்னால் ஸாஃபக்ளீஸின் பழைய நாடகங்களை நடிகர்களைக் கொண்டு வாசிக்கச் செய்தார். அவற்றில் ஒன்று அஜாக்ஸின் கதை. யுத்தத்தில் பெயர் பெற்ற வீரன், அவமானம் தாங்காமல் புத்தி பேதலித்து, பகைவர்கள் என்று நினைத்து ஆடுமாடுகளை வெட்டிச் சாய்த்து, தெளிந்ததும் வெட்கத்தால் தன்னை மாய்த்துக்கொள்கிறான். நாடகத்துக்குப் பிறகு முக்கால் மணி நேரம் பேசுவதாக ஏற்பாடு. பேச்சு மூன்று மணி நேரத்துக்கு மேல் போயிற்று. வீரர்களின் மனைவிமாரும் எழுந்து பேசினார்கள். "என் கணவர்" என்று ஆரம்பிக்க முடியாதவர்களுக்கு "அஜாக்ஸின் மனைவியைப் போல" என்று ஆரம்பிக்க முடிந்தது. ஷாரன்டனில் பார்த்தவர்கள் வண்டியேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். இங்கே பார்த்தவர்களே பங்காளிகள்.

ஒப்பந்தம் என்று சொன்னேனே, அதற்கு ஒரு சோதனை உண்டு. ஜெர்மனியில் டஸல்டார்ஃப் நகரத்தின் முதியோர் விடுதி ஒன்றின் வாசலில் ஒரு பஸ் நிறுத்தம் வைத்தார்கள். பெயர்ப்பலகை உண்டு, பெஞ்சு உண்டு. பஸ் மட்டும் வராது. நினைவு தப்பிய பெரியவர்கள் திடீரென்று, "வீட்டுக்குப் போக வேண்டும், குழந்தைகள் காத்திருக்கும்" என்று பதறிக் கிளம்புவார்கள். கதவைச் சாத்தினால் பதற்றம் அதிகமாகும். பஸ் நிறுத்தத்தில் உட்காருவார்கள். கொஞ்ச நேரத்தில் எதற்காக வந்தோம் என்பதே மறந்து அமைதியாகிவிடுவார்கள். பணிப்பெண் வந்து, "பஸ் தாமதமாம், உள்ளே வந்து காபி சாப்பிடுங்களேன்" என்று அழைத்துப் போவாள்.

இது கருணையா, கண்ணியிலே சிக்க வைப்பதா? மேடை போட்டிருக்கிறார்கள், ஆனால் நடிக்கிறவருக்கு அது மேடை என்று தெரியாது. என் கணக்குப்படி இது பொய்தான். ஆயினும் கதவைச் சாத்துவதைவிட இது கொடுமையானது என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. யோசித்ததில் எனக்குத் தென்பட்டது இது. அந்தக் கிழவியைப் பெஞ்சில் விட்டுவிட்டு, மறந்துபோகட்டும் என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தால் அது வெறும் ஏய்ப்பு. பணிப்பெண் பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டில் யார் யார்? சின்னவன் என்ன படிக்கிறான்?" என்று கேட்டால், கிழவியின் பிரயாணத்தில் அவளும் பாதி தூரம் போகிறாள். பஸ் பொய், கூட உட்கார்ந்தது பொய் அல்ல. ஆனால் இந்தப் பதில் என்னைப் பூரணமாகத் திருப்திப்படுத்தவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தம்மால் மறுக்க முடியாத ஒருவருக்காக மற்றவர்கள் போடும் வேஷம் எப்போதும் பயந்து பயந்து போட வேண்டிய வேஷம்.

கடைசியாக ஒரு நாடகம். 1942 ஜூலை 18. வார்ஸா நகரத்தில் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில், யானுஷ் கோர்சாக் நடத்திய அநாதை விடுதி. கோர்சாக் குழந்தை வைத்தியர், எழுத்தாளர். பசியும் நோயும் சூழ்ந்த அந்த விடுதியில் அன்று குழந்தைகள் ஒரு நாடகம் போட்டார்கள். நம் தாகூரின் 'தபால் ஆபீஸ்'. அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்று வைத்தியர் தடுத்துவிட்ட அமல் என்ற சிறுவன், ஜன்னலருகே உட்கார்ந்து தெருவில் போகிறவர்களோடு பேசுகிறான். ராஜாவிடமிருந்து தனக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். முடிவில் ராஜ வைத்தியர் வந்து ஜன்னல்களையெல்லாம் திறந்துவிடச் சொல்ல, அவன் கண் மூடுகிறான். நான்கு நாள் கழித்து ஜூலை 22-ல் அங்கிருந்தவர்களை ட்ரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஆகஸ்டு ஆரம்பத்தில் கோர்சாக்கின் முறை வந்தது. தப்பிக்க வழி செய்து தருவதாகச் சிலர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. சுமார் 200 குழந்தைகளோடு அவரும் நடந்து போனார்.

ஏன் இந்த நாடகம் என்று கேட்டவர்களுக்கு, சாவை அமைதியாக ஏற்கக் குழந்தைகள் பழக வேண்டும் என்று அவர் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள். இதில் சிகிச்சை எங்கே? யாரும் பிழைக்கவில்லையே! ஆனால் அவர் என்ன செய்யவில்லை என்று பாருங்கள். "ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்" என்று அவர் ஒரு நாடகம் போடவில்லை. அதுவல்லவா சுலபமான பொய்! அடைபட்ட குழந்தைகளுக்கு அடைபட்ட ஒரு குழந்தையைக் காட்டினார். சாவை மறைக்கவில்லை, அதைப் பார்க்க ஒரு ஜன்னல் திறந்தார். அங்கே மேடை மேலிருந்த வேஷம், வெளியே பேசப்பட்ட எத்தனையோ சமாதானங்களைவிட உண்மையாக இருந்தது.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? தகப்பன் இறந்துபோனால் நாலு வயசுக் குழந்தையிடம், "அப்பா ஊருக்குப் போயிருக்கார், வந்துடுவார்" என்கிறோம். எல்லோருமாகச் சேர்ந்து அந்த நாடகத்தை மாசக்கணக்கில் நடத்துகிறோம். பார்க்கும் குழந்தைக்கு மட்டும் அது நாடகம் என்று சொல்வதில்லை. அதே குழந்தை ஒரு நாள் கொல்லைப்புறத்தில் மரப்பாச்சியைத் துணியில் சுற்றிப் படுக்க வைத்து, பூவைப் போட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து அழுது விளையாடும். பார்த்துவிட்டால் போச்சு! "சனியனே, அபசகுனம் மாதிரி என்ன விளையாட்டு இது!" என்று முதுகில் ஓர் அறை. வீட்டிலேயே நடந்ததை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதற்குத்தான் அடி.

நாடகத்தால் எல்லா வியாதியும் தீரும் என்று சொல்ல நான் வரவில்லை. பழகாத கை தொட்டால் ஆறின புண்ணும் கிளறும். அதற்கென்று கற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. ஆனால் கொல்லைப்புறத்து விளையாட்டைக் கலைக்காமலிருக்கப் படிப்பு வேண்டாம். பக்கத்தில் போய்ச் சும்மா உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் குழந்தை உங்களுக்கும் ஒரு வேஷம் கொடுக்கும். பெரிய வேஷமாக இருக்காது; தண்ணீர் கொண்டு வருகிறவர் வேஷமாகவோ, வாசலில் நின்று விசாரிக்கிறவர் வேஷமாகவோ இருக்கும். அதை அது சொல்லுகிறபடி செய்யுங்கள். நடுவில் அது நிமிர்ந்து, "நிஜமாவே அப்பா வரமாட்டாரா?" என்று கேட்டால் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.